மெரீனா கடற்கரை

மெரீனா கடற்கரை என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில் வங்காள விரிகுடாவை ஒட்டி அமைந்துள்ள மணற்கடற்கரை ஆகும். இந்தியாவின் மிக நீளமான இயற்கை நகர்ப்புறக் கடற்கரையாக இது குறிப்பிடப்படுகின்றது. நுழைவுக் கட்டணம் ஏதுமின்றி அனைவரும் கூடக்கூடிய பொதுவெளியாக இருப்பதால், மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் நகர மக்களும் வெளியூர்ப் பயணிகளும் பெருமளவில் இங்கு வருகின்றனர். காற்று வாங்குதல், அலையில் கால் நனைத்தல், மணலில் அமர்ந்து சிற்றுண்டி உண்ணுதல் ஆகியவையே இங்கு வருவோரின் முதன்மையான பொழுதுபோக்குகள்.

அதே வேளையில் இக்கடற்கரை மீனவர்களின் தொழிற்களமாகவும் சிறு வணிகர்களின் வாழ்வாதாரமாகவும் உள்ளது. இவ்விடத்தை அழகுபடுத்துவதற்கும் இவர்களின் பிழைப்புக்கும் இடையே ஏற்படும் முரண்பாடு பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வருகின்றது.

பெயர்

மெரீனா என்பது கடல் சார்ந்த இடத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல். 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப், கடற்கரையை ஒட்டி உலாச்சாலை ஒன்றை அமைத்து, 1884 ஆம் ஆண்டு அதற்கு இப்பெயரைச் சூட்டினார். இத்தாலியின் சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரைகளின் நினைவாகவே அவர் இப்பெயரைத் தெரிந்தெடுத்தார். பேச்சு வழக்கில் இக்கடற்கரை "பீச்" என்றே அழைக்கப்படுகின்றது. ஆயினும் பீச் ஸ்டேஷன் எனப்படும் சென்னைக் கடற்கரைத் தொடர்வண்டி நிலையம் வடக்கே துறைமுகத்தை அடுத்து உள்ளது. அது மெரீனாவுக்குரிய நிலையம் அன்று.

அமைவிடமும் பரப்பும்

வடக்கே புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகிலிருந்து தெற்கே பட்டினப்பாக்கம் வரை ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவுக்கு இக்கடற்கரை நீள்கின்றது. வடக்கில் கூவம் ஆறும் தெற்கில் அடையாறும் கடலில் கலக்கின்றன. மணற்பரப்பின் சராசரி அகலம் 300 மீட்டர். மிக அகன்ற இடத்தில் 437 மீட்டர் உள்ளது. சாலையில் இருந்து அலை வரை மணலில் நடந்து செல்லவே சில நிமிடங்கள் ஆகும்.

உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை மெரீனா என்று பள்ளிப் பாடங்களிலும் பேச்சிலும் பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் வங்காளதேசத்தின் காக்சு பசார் கடற்கரை மட்டுமே ஏறத்தாழ 120 கி.மீ. நீளமுடையது, பிரேசிலின் காசினோ கடற்கரை 200 கி.மீ.க்கும் மிகுதியானது. எனவே மெரீனாவை உலகளவில் நீளமான நகர்ப்புறக் கடற்கரைகளுள் ஒன்று எனக் கூறுவதே பொருத்தமாகும்.

கடற்கரையை ஒட்டிச் செல்லும் காமராசர் சாலையின் மேற்குப் புறத்தில் சேப்பாக்கம் அரண்மனை, சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், இராணி மேரி கல்லூரி ஆகியவை உள்ளன. இவற்றுள் விவேகானந்தர் இல்லம், 1842 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டப்பட்டது. இதனாலேயே அப்பகுதி ஐஸ் அவுஸ் எனப்படுகின்றது.

கடற்கரை உருவான விதம்

இன்று காணப்படும் அகன்ற மணற்பரப்பு மிகப் பழமையானதன்று. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடல் அலைகள் தற்போதைய சாலைக்கு மிக அருகில் வந்து சென்றன. 1870களின் நடுப்பகுதியில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானமே இந்நிலையை மாற்றியது.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக மணலை எடுத்துச் செல்கின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்நகர்வு எதிர்த்திசையில் நிகழ்ந்தாலும், ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிச் செல்லும் மணலே மிகுதி. துறைமுகத்தைக் காக்கக் கடலுக்குள் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் இம்மணலைத் தடுத்து நிறுத்தின. இதனால் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரீனா ஆண்டுதோறும் அகன்றது. வடக்கே மணல் வரத்து குன்றியதால் இராயபுரம் முதல் எண்ணூர் வரையான கரை அரிக்கப்பட்டது. அங்கு வீடுகளைக் காக்கக் கருங்கற்சுவர்கள் அமைக்க நேர்ந்தது. ஆகவே தென்சென்னைக்குக் கிடைத்த உலாவிடமும் வடசென்னை மீனவக் குப்பங்கள் இழந்த நிலமும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகளாகும்.

உலாவிடமும் பொதுமேடையும்

குடியேற்றக் காலத்தில் மாலையில் குதிரைவண்டிகளில் வந்து காற்று வாங்கும் இடமாக உலாச்சாலை விளங்கியது. 1909 ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் மீன்காட்சியகம் இங்கு திறக்கப்பட்டது. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

விடுதலைப் போராட்டக் காலத்தில் கடற்கரை மாபெரும் பொதுக்கூட்டங்கள் நடக்கும் இடமாயிற்று. 1907 இல் விபின் சந்திர பால் இங்கு சொற்பொழிவாற்றினார். 1923 ஆம் ஆண்டு மே 1 அன்று ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்களைச் சென்னைக் கடற்கரையில் நடத்தினார். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் 1959 இல் நிறுவப்பட்டன. 1968 இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி. யு. போப், பாரதியார் முதலியோரின் சிலைகள் சாலையோரம் அமைக்கப்பட்டன.

முன்னாள் முதலமைச்சர்களான கா. ந. அண்ணாதுரை (1969), ம. கோ. இராமச்சந்திரன் (1987), ஜெ. ஜெயலலிதா (2016), மு. கருணாநிதி (2018) ஆகியோரின் உடல்கள் கடற்கரையின் வடபகுதியில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. வெளியூரிலிருந்து வருவோர் இந்நினைவிடங்களைப் பார்த்துவிட்டு மணலுக்குச் செல்வது வழக்கம். 2017 ஆம் ஆண்டு சனவரியில் சல்லிக்கட்டுக்கு ஆதரவாக இளைஞர்களும் மாணவர்களும் பல நாட்கள் இங்கேயே தங்கிப் போராடினர்.

மாலைக் கடற்காற்று

சென்னையின் கோடை வெயிலிலிருந்து விடுபடவே மக்கள் பெரும்பாலும் கடற்கரையை நாடுகின்றனர். பகலில் நிலம் கடலைவிட விரைவாக வெப்பமடைகின்றது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலெழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரை நோக்கி வீசுகின்றது. இது கடற்காற்று எனப்படும். கோடையில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகவே கரை ஏறும். அந்நாட்களில் நகரின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு.

பொழுதுபோக்குகள்

அதிகாலையில் நடைப்பயிற்சி செய்வோரும் ஓடுவோரும் உலாச்சாலைக்கு வருகின்றனர். கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் காணவும் பலர் வருவர். கிழக்குக் கரையாதலால் இங்கு கதிரவன் கடலில் மறைவதைக் காண இயலாது.

மாலையில் நிலை முற்றிலும் மாறுகின்றது. குதிரைச் சவாரி, கையால் சுற்றப்படும் சிறு இராட்டினங்கள், பலூன் சுடுதல், வளையம் எறிதல், கிளி சோதிடம், கைரேகை பார்த்தல் போன்றவை மணலில் நடைபெறுகின்றன. சோழி, சங்கு, சிப்பி ஆகியவற்றாலான பொருட்களும் பாசிமணி மாலைகளும் விற்கப்படுகின்றன. கைபேசி பரவுவதற்கு முன்னர், திரைப்பட நடிகர்களின் அட்டை உருவங்களோடு நின்று உடனடி நிழற்படம் எடுத்துக்கொள்வது வெளியூர்ப் பயணிகளிடையே பெரிதும் விரும்பப்பட்டது.

1977 இல் திறக்கப்பட்ட தற்போதைய கலங்கரை விளக்கம், பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருந்து, 2013 இல் மீண்டும் திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியில் அலை அருகே செல்வதற்காக 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டசு புயலில் அதன் கடலோரப் பகுதி சேதமடைந்தது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது.

உணவு

மெரீனாவின் உணவுகள் பெரும்பாலும் நின்றவாறோ மணலில் அமர்ந்தவாறோ கையால் உண்ணத்தக்கவை. உப்பு, புளிப்பு, காரம் ஆகிய மூன்றும் இவற்றுள் மேலோங்கியிருக்கும்.

சுண்டல்

கடற்கரையின் அடையாளமாகக் கருதப்படுவது தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் ஆகும். முதல் நாள் இரவே ஊறவைத்த காய்ந்த பட்டாணியை உப்பிட்டு வேகவைத்து, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, தேங்காய்த் துருவலும் பொடியாக நறுக்கிய மாங்காயும் சேர்ப்பர். நவராத்திரி நாட்களில் வீடுகளில் படைக்கப்படும் சுண்டலே இங்கு விற்பனைப் பண்டமாகியுள்ளது. விற்பவர்கள் இதை வீட்டில் சமைத்துத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துவந்து, மணலில் கூவி நடந்து, தாளில் மடித்துத் தருகின்றனர். அடுப்போ கடையோ தேவையில்லாததால் மிகக் குறைந்த முதலுடன் தொடங்கக்கூடிய தொழிலாக இது உள்ளது.

பஜ்ஜி, சோளம் முதலியன

நீளமான பஜ்ஜி மிளகாய், வாழைக்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கடலைமாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துத் தருவர். கடற்காற்றில் அடுப்பு அணையாமலிருக்கத் தள்ளுவண்டியின் மூன்று புறமும் தகரம் அடித்திருப்பர். மக்காச்சோளத்தைக் கரியடுப்பில் சுட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சைத் துண்டால் தேய்த்துத் தருவர். கீற்றுகளாக நறுக்கிய மாங்காய், மணலில் வறுத்த வேர்க்கடலை, மிளகாய்த்தூள் தூவிய பெரிய அப்பளம், பஞ்சுமிட்டாய், குச்சி ஐஸ் ஆகியவையும் பரவலாகக் கிடைக்கின்றன. வட இந்தியச் சிற்றுண்டியான பானிபூரியும் பிற்காலத்தில் இவற்றோடு சேர்ந்தது.

மீன் உணவுகள்

வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால், நண்டு முதலியவற்றில் மசாலாத் தடவித் தட்டில் அடுக்கி வைத்திருப்பர். வாங்குபவர் சுட்டிக்காட்டும் துண்டை அப்போதே பொரித்துத் தருவர். மீனின் அளவைப் பொறுத்து விலை மாறுவதால் பொரிப்பதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்வது வழக்கம். நண்பகலில் மீன் குழம்புடன் சோறு பரிமாறும் கடைகளும் உள்ளன. இவற்றுள் பலவற்றை மீனவக் குப்பங்களைச் சேர்ந்த பெண்கள் நடத்துகின்றனர்.

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் தடைசெய்யப்பட்டதால், பாக்குமட்டைத் தட்டுகளும் தாள் குவளைகளும் பயன்பாட்டுக்கு வந்தன. எனினும் விடுமுறை நாட்களுக்கு மறுநாள் காலையில் பெருமளவு குப்பை அகற்றப்பட வேண்டிய நிலையே உள்ளது.

காணும் பொங்கல்

ஆண்டில் மிகுந்த கூட்டம் கூடும் நாள், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளான காணும் பொங்கல் ஆகும். சென்னையிலிருந்தும் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் குடும்பத்துடன் வருவர். வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்து மணலில் வட்டமாக அமர்ந்து உண்பது இந்நாளின் சிறப்பு.

அன்று அலையருகே செல்ல இயலாதவாறு தடுப்புவேலி அமைக்கப்படுகின்றது. குழந்தைகள் காணாமற்போனால் விரைந்து கண்டுபிடிக்க, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையை அவர்களின் கையில் காவல்துறையினர் கட்டிவிடுகின்றனர். கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட கடற்கரை, அவ்வாண்டு திசம்பர் 14 அன்றே மீண்டும் திறக்கப்பட்டது. 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் காணும் பொங்கல் அன்றும் பொதுமக்கள் அனுமதிக்கப்படவில்லை.

மீனவர்களும் வணிகர்களும்

கடற்கரை உலாவிடமாவதற்கு முன்பிருந்தே இக்கரையில் மீனவர் வாழ்ந்து வருகின்றனர். அயோத்தியா குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் முதலியவை இங்குள்ள மீனவக் குடியிருப்புகள். 1985 ஆம் ஆண்டு கடற்கரையை அழகுபடுத்தும் நோக்கில் மணலில் இருந்த படகுகளையும் வலைகளையும் அரசு அகற்ற முற்பட்டது. மீனவர்கள் எதிர்த்துப் போராடினர். காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். இந்நிகழ்வு மெரீனாவின் வரலாற்றில் துயரமான ஒன்றாக நினைவுகூரப்படுகின்றது.

2023 ஏப்ரலில் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே உள்ள இணைப்புச் சாலையின் ஓரத்து மீன் கடைகளை அகற்றுவது தொடர்பாக இத்தகைய சிக்கல் மீண்டும் எழுந்தது. சாலை போக்குவரத்துக்கானது என்பது ஒரு தரப்பின் வாதம். கரையும் அதனை ஒட்டிய நிலமும் தங்கள் மரபுவழித் தொழிலிடம் என்பது மீனவர்களின் வாதம். 2024 ஆகத்தில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகள் கொண்ட மீன் அங்காடி திறக்கப்பட்டது.

மணலில் உள்ள சிற்றுண்டிக் கடைகளும் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில் ஒரே வடிவிலான 900 தள்ளுவண்டிகளுக்கு மட்டும் இடமளிக்க முடிவு செய்யப்பட்டு, 2021 சனவரியில் குலுக்கல் முறையில் பயனாளிகள் தெரிவு செய்யப்பட்டனர். முன்னரே கடை நடத்திவந்தோரின் எண்ணிக்கை இதைவிட மிகுதியாக இருந்ததால், நெடுநாள் வணிகர்களுள் சிலர் இடம் பெறாமற்போயினர். சாலையோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க நடுவண் அரசு 2014 இல் இயற்றிய சட்டம், இத்தகைய வணிகர்களைக் கணக்கெடுத்துச் சான்றளிக்க வேண்டுமெனக் கூறுகின்றது. கடைகள் வரம்பின்றிப் பெருகினால் மணல்வெளி குறையும். குறைத்தால் எளியோரின் பிழைப்பு பாதிக்கப்படும். இவ்விரண்டுக்கும் இடையே நிலையான தீர்வு எட்டப்படவில்லை.

கடலின் அபாயம்

மெரீனாவில் கடலில் குளிக்கத் தடை உள்ளது. எனினும் ஆண்டுதோறும் இங்கு உயிரிழப்புகள் நேர்கின்றன. கரை சரிவாக இருப்பதால் சில அடிகளிலேயே ஆழம் கூடிவிடுகின்றது. கரையேறிய அலைநீர் குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது வலிய இழுப்பு உண்டாகின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலைகள் மேலும் சீற்றமடையும்.

உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு இவ்வபாயம் மிகுதி. எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. அம்மாவட்டத்தின் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை போன்ற வறண்ட பகுதிகளில் நீச்சல் கற்போர் கண்மாயிலும் கிணற்றிலும் கற்பவர்கள். அசையா நீரில் பழகிய நீச்சல் இழுக்கும் கடலில் பயன்படாது. நன்கு நீந்தத் தெரிந்தவரும் கரையை நோக்கி நேராக எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குவதுண்டு. இழுப்பில் சிக்கியவர் பதற்றமடையாமல் மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும் என்பது மீட்புப் பணியாளர்கள் கூறும் பொது விதி. நீந்தத் தெரியாதோர் ஒருவரைக் காப்பாற்ற நீரில் இறங்குவதைவிட, மிதக்கும் பொருளை அவரிடம் எறிந்து, மீனவர்களையோ காவல்துறையினரையோ அழைப்பதே பாதுகாப்பானது.

பேரிடர்கள்

2004 திசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை இந்தியப் பெருங்கடலில் உருவான ஆழிப்பேரலை மெரீனாவைத் தாக்கியது. நடைப்பயிற்சி செய்தோர், விளையாடிக்கொண்டிருந்தோர், கரையோரக் குப்பங்களில் வாழ்ந்தோர் எனப் பலர் உயிரிழந்தனர்.

2024 அக்டோபர் 6 அன்று இந்திய வான்படையின் சாகச நிகழ்ச்சியைக் காணப் பல இலட்சம் பேர் கூடினர். நண்பகல் வெயிலில் பலர் மயக்கமுற்றனர், ஐவர் உயிரிழந்தனர். நிழலற்ற மணற்பரப்பில் பெருங்கூட்டம் கூடும்போது குடிநீர், நிழல், வெளியேறும் வழி ஆகியவை எத்துணை இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

சூழல்

சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிடுகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் 1988 முதல் சென்னைக் கரையில் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகின்றனர். 2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவைப்படகு வலைகளில் சிக்கி மூச்சடைத்ததே இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. கூவம், அடையாறு ஆகியவற்றின் கழிவுநீர் கடலில் கலப்பதும் இங்குள்ள நீரின் தரத்தைப் பாதிக்கின்றது.

போக்குவரத்து

பறக்கும் தொடர்வண்டித் தடத்தில் உள்ள சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய நிலையங்களிலிருந்து கடற்கரைக்கு நடந்து செல்லலாம். மாநகரப் பேருந்துகளில் வருவோருக்கு அண்ணா சதுக்கம் முதன்மையான நிறுத்தமாகும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் தடம் இடம்பெற்றுள்ளது.

பிற நகரக் கடற்கரைகள்

சென்னையின் தென்பகுதியில் பெசன்ட் நகரில் எலியட்சு கடற்கரை உள்ளது. மெரீனாவைவிடச் சிறியதும் அமைதியானதுமான அதன் சாலையோரத்தில் உணவகங்கள் மிகுந்துள்ளன. மும்பையின் சௌபாத்தி, சுகூ கடற்கரைகள் பேல்பூரிக்குப் பெயர் பெற்றவை. கொழும்பின் காலிமுகத்திடல், 1859 இல் ஆளுநர் என்றி வார்டு காலத்தில் உலாவிடமாக அமைக்கப்பட்டது; அங்கு இறால் வடை புகழ்பெற்ற மாலைச் சிற்றுண்டி. மெரீனாவைப் போலவே அதுவும் குடியேற்ற அலுவலர்களின் உலாவிடமாகத் தொடங்கிப் பின்னர் பொதுமக்களின் மாலைவெளியாக மாறியதாகும்.

இவற்றையும் பார்க்க

சென்னைத் துறைமுகம்
உழைப்பாளர் சிலை
காணும் பொங்கல்
எலியட்சு கடற்கரை
காலிமுகத்திடல்